மிளகு: உணவா, மருந்தா?



அஞ்சறைப் பெட்டியில் மிளகு இல்லாத இல்லம் நம்மிடையே இல்லை. வடலூராயினும் பரங்கிப்பேட்டையாயினும், சளிக்கு மிளகு ரசமும் அசதிக்கு மிளகு ஆணமும் நாம் வழிவழியாக அறிந்தவை. இன்றோ, மஞ்சள் சாரமும் மிளகுச் சாரமும் கலந்த கேப்சூல்கள் மூட்டுவலிக்கென விற்கப்படுகின்றன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள், வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அன்போடு அவற்றை வாங்கி வருகின்றனர். அந்த அன்பு தீங்காகிவிடாதிருக்க, சில உண்மைகளை நாம் அறிந்துகொள்வது நலம்.

மிளகின் காரத்திற்குக் காரணமான பொருள் பைப்பரின். 1819ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஆர்ஸ்டெட் அதனைப் பிரித்தெடுத்தார். மூட்டுகள் வீங்கிச் சிவந்து வலிப்பதை மருத்துவர்கள் அழற்சி என்பர். அழற்சியைத் தூண்டும் பொருள்களைப் பைப்பரின் குறைப்பதாக 2009இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால் அந்த ஆய்வு, நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த உயிரணுக்களிலும் எலிகளிலும் நடந்தது. அதைக் கொண்டு மனிதரின் மூட்டுவலி தீரும் என்று உறுதி கூற இயலாது.

பைப்பரினுக்கு மற்றொரு ஆற்றலும் உண்டு. நாம் உண்ணும் பல பொருள்களைக் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. அந்த வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்தனர். குருதியில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு உயர்ந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரு சிட்டிகை மிளகுத்தூளிலேயே உண்டு; 2 கிராம் குர்குமினுக்கோ 50 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சள்தூள் வேண்டும். எந்த அடுக்களையிலும் ஒருவருக்கு அவ்வளவு இடுவதில்லை.

இதே ஆற்றலை ஜம்மு ஆய்வகம் நன்மைக்குப் பயன்படுத்தியது. 2009இல் வெளிவந்த காசநோய் மாத்திரையில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால், ரிஃபாம்பிசினின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200ஆகக் குறைக்க முடிந்தது. அது மருத்துவர்கள் அளந்து தந்த அளவு. நாமாகக் கேப்சூலை விழுங்கினால், அளப்பவர் யார்? வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இதயத்திற்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை பைப்பரினால் குருதியில் மிகுகின்றன. மருத்துவர் ஒன்று கொடுக்க, உடலில் ஒன்றரையாகச் சேர்ந்தால் என்னவாகும்? மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். அவர்களுள் ஒருவர் இறந்தார். சிலர் உட்கொண்டவற்றில் மிளகும் கலந்திருந்தது.

ஆகவே சகோதரிகளே, ரசத்திலும் ஆணத்திலும் மிளகைத் தயங்காது சேருங்கள். கேப்சூலை மட்டும் மருந்தென்றே கருதுங்கள். நாள்தோறும் மாத்திரை உண்ணும் பெரியவர்கள் இல்லத்தில் இருப்பின், அந்தப் புட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரியென்ற பின்னரே அதன் மூடியைத் திறவுங்கள்.