வீரருக்கு ஊசி எதற்கு?

நமது சிறுநீரகம் சுரக்கும் ஈ.பி.ஓ. என்னும் ஹோர்மோன், எலும்பு மச்சையில் செங்குழியங்கள் உருவாகத் தூண்டுகிறது. சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்கு இது அருமருந்து. 1990களில் சைக்கிள் ஓட்ட வீரர்கள் பலர் இதையே ஊசியாக ஏற்றிக்கொண்டனர். செங்குழியங்கள் கூடினால் தசைகளுக்கு அதிக ஒட்சிசன் கிடைக்கும். மலையேற்றத்தில் களைப்புக் குறையும். ஆனால் இரத்தம் தடித்து, உறைந்து, மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்.

அப்போது ஈ.பி.ஓ.வைக் கண்டறியும் பரிசோதனை இருக்கவில்லை. எனவே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1997இல் ஓர் எல்லை வகுத்தது: ஆண் வீரரின் இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டினால் அவர் ஓட முடியாது. பலர் 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு ஊசி போட்டனர்!

"எல்லோரும் போடுகிறார்கள், நான் போட்டால் என்ன?" என்பது அவர்கள் வாதம். ஆனால் போடாதவரின் நிலை என்ன? உடலைப் பணயம் வைக்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். ஊக்கமருந்தை மறுத்து, அதுபற்றி வெளிப்படையாகப் பேசிய பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோப் பாசோன், சக வீரர்களால் ஒதுக்கப்பட்டு, 1999 டூர் டி பிரான்ஸ் போட்டியிலிருந்து இடைநடுவில் விலகினார். அதில் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. பாசோன் இழந்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

பிள்ளைகளை விளையாட்டுக் கழகங்களுக்கு அனுப்பும் பெற்றோரே, வெற்றியைக் கேட்குமுன் இதையும் அவர்களோடு பேசுங்கள்.