நேரம் தவறாத வலை

பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு வரும் நீர் மலையிலேயே பல வேலைகளை முடித்துவிட்டுத்தான் இறங்குகிறது. காசல்ரி நீர் விமலசுரேந்திர, பழைய லக்சபான நிலையங்களையும், மவுசாக்கலை நீர் கெனியன், புதிய லக்சபான நிலையங்களையும் கடந்து லக்சபான நீர்த்தேக்கத்தில் சேர்கின்றன. அங்கிருந்து 1969 முதல் பொல்பிட்டியவின் மின்பிறப்பாக்கிகளைச் சுழற்றுகின்றன. இப்படியொரு தொடரில் எங்காவது மின்கோளாறு வந்தால், மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திற என்ற செய்தி உடனே போய்ச் சேர வேண்டும். மின்நிலையத் தகவல் தொடர்புக்கான ஐஈசி 61850 நியமம் அதற்குக் கடுமையான நிலையில் தரும் அவகாசம் 3 மில்லிசெக்கன். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஒருமுறை அலைவதற்கோ 20 மில்லிசெக்கன் ஆகும்.

இந்த வேலையை அலுவலகக் கணினிகளை இணைக்கும் அதே ஈதர்நெட்டிடம் ஒப்படைக்கலாமா? கூடாது என்றவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. 1973இல் செரொக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கம்பிதான். இரண்டு செய்திகள் மோதினால், இரண்டும் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி முயலும். அந்த 'ஏதோ ஒரு நேரம்' கட்டுப்பாட்டுக்கு ஆகாது. சராசரியில் வேகமாக இருந்து என்ன பயன்? என்றோ ஒருநாள் தாமதித்தால் அதுதான் விபத்து.

இன்று நிலைமை வேறு. ஒவ்வொரு கருவிக்கும் வலையமைப்புச் சுவிட்சிலிருந்து தனிக் கம்பி, போகவும் வரவும் தனிப் பாதை. மோதல் என்பதே இல்லை. முன்னுரிமைக் குறி பெற்ற செய்தி வரிசையில் முந்திக்கொள்ளும். முன்னே ஏற்கெனவே ஒரு பெரிய செய்தி போய்க்கொண்டிருந்தால்கூட, 100 மெகாபிட் கம்பியில் அது முடிய 0.12 மில்லிசெக்கன்தான். அவசரச் செய்திகளை அளவோடு வைத்தால், ஐந்து சுவிட்ச்களைத் தாண்டினாலும் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய 0.6 மில்லிசெக்கன்தான். மிக மோசமான தாமதத்தை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது என்பதே என் வாதத்தின் அச்சாணி.

பழைய செப்புக் கம்பியே நம்பகமானது என்பார்கள். ஆனால் அறுந்த கம்பி பெரும்பாலும் சோதித்துப் பார்க்கும்வரை மௌனமாகவே கிடக்கும். 'கூஸ்' எனப்படும் ஈதர்நெட் செய்தியோ கோளாறு இல்லாதபோதும் இடைவிடாமல் வந்துகொண்டேயிருக்கும். அது நின்றாலே பழுது தெரிந்துவிடும். அவசரத்தில் பதிலுக்குக் காத்திராமல் அதே செய்தியை அடுத்தடுத்து அனுப்பும்.

ஊடுருவல் பற்றிய அச்சத்தை நான் தள்ளமாட்டேன். 2015 டிசம்பரில் உக்ரைனில் ஏறக்குறைய 2,25,000 பாவனையாளர்கள் இருளில் மூழ்கினர். ஊடுருவியவர்கள் முதலில் நுழைந்தது அலுவலக வலையமைப்பில். அங்கு திருடிய கடவுச்சொற்களோடுதான் கட்டுப்பாட்டு அறைக் கணினிகளை எட்டினார்கள். ஆகவே மின்னஞ்சல் பார்க்கும் கணினியிலிருந்து பிரேக்கர்வரை ஒரே தடத்தில் போக இடம் வைக்கவே கூடாது.