விரலை ஏமாற்ற முடியுமா?

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைகளில் கூடும் ஆட்டுச் சந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆடு வாங்க வருபவர் எட்ட நின்று பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. ஆட்டின் முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்து அழுத்துகிறார். இடுப்பைப் பற்றித் தூக்கிப் பார்க்கிறார். அதன் பிறகே வாயைத் திறக்கிறார். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளிலும் இதே கதைதான். பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர் அதை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் தடவுகிறார், மடிக்கிறார், இரு விரல்களுக்கிடையே வைத்து நெருடுகிறார். கண் சொன்னதைக் கை ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் தீர்ப்பு.

இந்தக் கையை வைத்துக்கொண்டு மெய்நிகர் உலகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதே நாம் இங்கு ஆராயப்போகும் விஷயம்.

மெய்நிகர் உலகம் என்பது கணிப்பொறி நம் புலன்களுக்குக் காட்டும் ஒரு மாயத் தோற்றம். தலையில் மாட்டும் கருவியில் இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்கள் தெரிகின்றன. தலையைத் திருப்பினால் படமும் அதற்கேற்றாற்போல் மாறுகிறது. 1968-ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லாண்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி இத்தகைய கருவி ஒன்றைச் செய்து காட்டினார். இன்றைய கருவிகள் உங்கள் கைவிரல்களின் அசைவைக் காமிராவால் கவனிக்கின்றன. நீங்கள் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்கின்றன. பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை; சுட்டிக்காட்டினாலே போதும், சொன்னாலே போதும். அங்கே உலவும் கணிப்பொறிப் பாத்திரங்கள் உங்கள் முகம் பார்த்துப் பேசும்.

பொய்யென்று தெரிந்தும் இவற்றை நம் உடல் எவ்வளவு தூரம் நம்பிவிடுகிறது என்பதை லண்டனில் மெல் ஸ்லேட்டரும் அவரது குழுவினரும் சோதித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு கணிப்பொறிப் பெண் பாத்திரம் கேள்விக்குத் தவறாக விடை சொல்லும்போதெல்லாம், சோதனைக்கு வந்தவர் ஒரு விசையை அழுத்தி அவளுக்கு ‘மின்னதிர்ச்சி’ கொடுக்க வேண்டும். சோதனையில் கலந்துகொண்ட 34 பேருக்கும் அது வெறும் படம் என்பது தெரியும். ஆயினும் அவளைக் கண்ணால் கண்டு, அவள் குரலையும் கேட்டவர்களின் இதயத் துடிப்பும் தோலின் மின்கடத்தும் தன்மையும் உண்மையான பதற்றத்தையே காட்டின. எழுத்து வடிவில் மட்டும் அவளுடன் தொடர்புகொண்டவர்களிடம் அவ்வளவு பாதிப்பு இல்லை.

ஆக, கண்ணையும் காதையும் ஏமாற்றியாயிற்று. ஆனால் அந்தப் பாத்திரத்தின் தோளைத் தொடக் கையை நீட்டினால் கை காற்றைத்தான் துழாவும். மாயம் அந்தக் கணமே கலைந்துவிடும்.

விரலை ஏமாற்றுவது ஏன் இவ்வளவு கடினம்? முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்களை மூடிக்கொண்டு, நண்பர் ஒருவரிடம் இருவகைத் துணிகளை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். விரலை அசைக்காமல் ஒவ்வொன்றின்மீதும் சும்மா வைத்து, எது எந்தத் துணி என்று சொல்ல முயலுங்கள். தடுமாறுவீர்கள். இப்போது விரலை லேசாக நகர்த்துங்கள், உடனே தெரிந்துவிடும்! கண்ணுக்கு ஒளி தானே வந்து சேர்கிறது. விரலோ தேடிப் போய்த்தான் அறிய வேண்டும். சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற உளவியலறிஞர்கள் 1987-இல் இதை வகைப்படுத்தினார்கள்: சொரசொரப்பை அறியத் தேய்க்கிறோம், கடினத்தை அறிய அழுத்துகிறோம், வெப்பநிலையை அறியக் கையை வைத்துக்கொண்டிருக்கிறோம், எடையை அறியத் தூக்குகிறோம். ஒடுகத்தூர்ச் சந்தையில் இந்தப் பாடத்தை யாரும் யாருக்கும் நடத்த வேண்டியதில்லை!

ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் சுமார் 17,000 தொடுவுணர்வு ஏற்பிகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அழுத்தத்துக்கு ஒருவகை, அதிர்வுக்கு வேறுவகை, தோல் இழுபடுவதற்கு இன்னொரு வகை. கையின் ஒவ்வோர் அசைவுக்கும் இத்தனை ஏற்பிகளும் எதிர்பார்க்கும் பதிலை யந்திரம் கொடுத்தாக வேண்டும்.

அழுத்துவதை எடுத்துக்கொள்வோம். 1990-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாஸி என்ற மாணவரும் கென்னத் சாலிஸ்பரி என்ற விஞ்ஞானியும் ‘ஃபான்டம்’ என்ற கருவியை அமைத்தனர். (இந்த மாஸி பின்னாளில் அரசியலில் இறங்கி, 2012-இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார்.) தையற்காரரின் விரலுறை போன்ற ஒன்றில் விரலை நுழைக்க வேண்டும், அதனோடு இணைந்த சிறு உலோகக் கரத்தை மோட்டார்கள் இயக்கும். விரல் ஒரு மெய்நிகர்ச் சுவருக்குள் நுழைந்தால், எவ்வளவு நுழைந்ததோ அவ்வளவுக்கு ஏற்ற விசையுடன் மோட்டார் விரலை வெளியே தள்ளும். இது நீங்கள் பள்ளியில் படித்த ஹூக் விதிதான்! சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 1,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், விரல் 1 மில்லிமீட்டர் நுழையும்போது 1 நியூட்டன் விசை, அதாவது சுமார் 100 கிராம் எடையளவு எதிர்ப்புத் தெரியும்.

கேட்க எளிது. செய்வதில்தான் சிக்கல். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடினால் கண் திருப்தியடைகிறது. விரலுக்கு அது போதாது. விரல் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் சுவரை அடைகிறது என்க. கணிப்பொறி விநாடிக்கு 60 முறை மட்டும் விசையைக் கணக்கிட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் விரல் 5 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். விசை திடீரென்று 5 நியூட்டன் தாவும். இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. கணிப்பொறி எப்போதும் சற்றுப் பழைய செய்தியை வைத்தே விசையைக் கொடுக்கிறது. விரல் உள்ளே போகும்போது கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகவும், வெளியே வரும்போது அதிகமாகவும் தள்ளுகிறது. அதாவது, வாங்கிய ஆற்றலைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரும் சுவர்! உண்மைச் சுவர் எதுவும் இப்படிச் செய்வதில்லை. விளைவு, விரல் வெளியே எறியப்பட்டு, மீண்டும் நுழைந்து, கடகடவென்று நடுங்கும். ஆகவேதான் இக்கருவிகள் விநாடிக்குச் சுமார் 1,000 முறை விசையைக் கணக்கிடுகின்றன.

அடுத்தது, தேய்த்து அறியும் சொரசொரப்பு. இதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொடுவுணர்வு ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் மா. மணிவண்ணன் குழுவினரும், அங்கு உருவான மெர்க்கல் ஹாப்டிக்ஸ் என்ற நிறுவனமும் ‘ஐடேட்’ என்ற தொடுதிரைத் தொழில்நுட்பத்தை 2022-இல் அறிவித்தார்கள். திரை வழவழப்பான கண்ணாடியைப் போன்றதே. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் திரையிலுள்ள படத்தின்மேல் விரலை நகர்த்தினால் மேடு, விளிம்பு, சொரசொரப்பு எல்லாம் தெரியும்.

இது எப்படிச் சாத்தியம்? திரைக்கடியில் ஒரு கடத்தும் படலம், அதன்மேல் மெல்லிய காப்புப் படலம், அதன்மேல் உங்கள் விரல். மேல்நிலை வகுப்பில் படித்த இணைத்தட்டு மின்தேக்கியேதான். ஒரு தட்டு நீங்கள்! படலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் இரு தட்டுகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இந்த ஈர்ப்பு விரலை மிக மெல்லவே திரையோடு அழுத்துகிறது. விரல் சும்மா இருந்தால் தெரியாது. நகர்ந்தால் உராய்வு கூடியிருப்பது தெரியும். விரல் போகும் இடத்துக்குத் தக்கபடி மின்னழுத்தத்தை மாற்றினால் உராய்வும் மாறும். அந்த மாற்றத்தை மூளை சொரசொரப்பு என்று படித்துக்கொள்கிறது.

இதன் மூலத்தை நீங்கள் வீட்டிலேயே உணர்ந்திருக்கக்கூடும். எர்த் சரியாக இல்லாத கிரைண்டரின் உலோக உடம்பில் தற்செயலாகப் புறங்கை உரசிச் சென்றால் ‘கரகர’வென்று ஒரு நெருடல் தெரியும். மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப ஈர்ப்பு ஏற்படுவதால், 50 சைக்கிள் மாறுமின்சாரம் விநாடிக்கு 100 முறை தோலை இழுத்து விடுகிறது. (இது விளையாட்டல்ல. அப்படித் தெரிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.) எட்வர்ட் மாலின்க்ராட் என்பவர், விளக்கு எரியும்போது அதன் பித்தளை ஹோல்டர் வழவழப்புக் குறைந்து தோன்றியதைக் கவனித்து ஆராய்ந்தார், 1953-இல் அவரும் சகாக்களும் அதை வெளியிட்டனர்.

இத்திரையின் பயன்களில் ஒன்று, விற்பனைக்கு உள்ள பொருளை வாங்குமுன் தொலைவிலிருந்தே தடவிப் பார்ப்பது. தோல் வியாபாரத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இன்று தோலின் மாதிரித் துண்டு கடல் கடந்து போய், வாங்குபவரின் விரலில் பட்ட பிறகே ஆர்டர் உறுதியாகிறது. ஆனால் தட்டைக் கண்ணாடி சொரசொரப்பைத்தான் சொல்லும். தோலின் மென்மை, மடிப்பு, கனம் ஆகியவற்றைச் சொல்லாது. தேய்க்க ஒரு கருவி, அழுத்த ஒரு கருவி என்று பிரிந்து கிடப்பவை ஒரே கையுறைக்குள் சேர இன்னும் நெடுங்காலமாகும் என்பது என் கணிப்பு.

தொலைவிலிருந்து இன்னொரு மனிதரைத் தொடுவது மேலும் சிரமம். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கடல் கடந்து கைபிடிக்க முடியுமா? 2002 அக்டோபர் 29-ஆம் தேதி, இந்திய வம்சாவளியினரான மண்டயம் சீனிவாசனின் குழு அமெரிக்காவிலும் ஸ்லேட்டரின் குழு லண்டனிலும் இருந்துகொண்டு, சுமார் 5,000 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே மெய்நிகர்க் கனசதுரத்தை இரு பக்கமும் பிடித்துத் தூக்கின. ஒருவர் தள்ளியதை மற்றவர் விரல் உணர்ந்தது.

இங்கே குறுக்கே நிற்பது ஒளியின் வேகம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. விரலுக்கு வேண்டிய ஆயிரத்திலொரு விநாடிக்குள் செய்தி போய்த் திரும்ப வேண்டுமானால், எதிராளி 100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒடுகத்தூர்க்காரர் ஆம்பூர்க்காரரோடு கை குலுக்கலாம். லண்டன்காரரோடு குலுக்கினால் தாமதம் தெரிந்தே தீரும். எந்தப் பொறியியலும் ஒளியை விரைவுபடுத்தப் போவதில்லை.

ஆயினும் தோலுக்கு மாற்றுவழி உண்டு. விசையை அனுப்ப வேண்டாம். அந்தத் தோல் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கும், எந்த வேகத்தில் எவ்வளவு உராயும் என்ற அளவுகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், வாங்குபவரின் கருவியே அங்கிருந்து பதில் சொல்லும். எந்தெந்த அளவுகளை எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும், மேசைமேல் தோலை விரித்து உள்ளங்கையால் தடவும் அந்தத் தரம் பிரிப்பவரிடம் போய்க் கேட்டாக வேண்டும்.