நூறு பேருக்கு இனிப்பு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் விருந்துக்கு ஆள் கணக்குப் போடுவது எளிதன்று. நூறு பேரை அழைத்தால் நூற்றைம்பது பேர் வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்ப நமக்கு மனம் வராது. சோறு குறைந்தால் இன்னொரு பானை வடித்துவிடலாம். இனிப்பு குறைந்தால்தான் சங்கடம். கடைசிப் பந்திக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்ற பேச்சு, புக்கிட் ரோத்தானில் தொடங்கிப் பத்தாங் பெர்ஜுந்தை வரை போய்விடும். (அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

இதற்குப் பயந்து ஐந்தாறு வகை இனிப்புகளுக்கு ஆர்டர் கொடுத்துக் கடன்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம் சகோதரிகளே! இரண்டே வகை போதும். ஒன்று சூடாக, ஒன்று குளிர்ச்சியாக இருக்கட்டும். இரண்டும் வீட்டிலேயே செய்யக்கூடியவையாக இருக்கட்டும்.

சூடானதற்குக் கேசரியைச் சொல்வேன். ஒன்றரைக் கிலோ ரவைக்கு 2 கிலோ சீனி, நாலரை லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ நெய் என்றால் நூறு பேருக்குத் தாராளமாக வரும். காலையில் கிண்டி வைத்தாலும் பாயசத்தைப் போல எளிதில் கெடாது. அடி கனத்த குவாலியில், ரவையை நன்றாக வறுத்துக்கொண்டு கிண்டுங்கள். வறுவல் போதாவிட்டால் கட்டி தட்டும். நூறு பேர் அளவில் அந்தக் கட்டியை உடைக்க யாருக்கும் கை வலு இருக்காது.

குளிர்ச்சிக்கு அகர் அகர். பத்துக் கிராம் தூளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். ஆளுக்கு இரண்டு துண்டு வீதம் நூறு பேருக்கு ஐந்தரை லிட்டர் காய்ச்சினால் சரியாக இருக்கும். கடற்பாசியில் எடுப்பதால் இதை எல்லாரும் சாப்பிடலாம். ஜெலட்டின் அப்படியல்ல. அது மாட்டின் எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுக்கப்படுவது. மாட்டிறைச்சி தொடாத நம்மவருக்கும் ஆகாது, பக்கத்துக் கம்பத்திலிருந்து வரும் மலாய் நண்பர்களுக்கும் ஆகாது. கடையில் ஜெல்லிப் பொட்டலம் வாங்கும்போது அட்டையைப் படித்துப் பாருங்கள். இன்னொரு வசதி, ஜெலட்டின் நம் வெயிலில் உருகிவிடும். உறைந்த அகர் அகர் மீண்டும் உருக ஏறக்குறைய 85 பாகை சூடு வேண்டும். தகரக் கூரைக் கொட்டகையில் வைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மேலே தேங்காய்ப்பால் அடுக்கு ஊற்றுவதானால், அடி அடுக்கின் மேற்பரப்பு இறுகியதும் சூடாக ஊற்றிவிட வேண்டும். முழுக்க ஆறிய பின் ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் பிரிந்துவிடும். தேங்காய்ப்பால் சேர்த்த தட்டுகளைப் பரிமாறும் வரை ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

பாயசம் இல்லாமல் என்ன விருந்து என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயம்தான்! அப்படியானால் கேசரியை விட்டுவிட்டு ஜவ்வரிசிப் பாயசம் வையுங்கள். நூறு கோப்பைக்கு 1 கிலோ 200 கிராம் ஜவ்வரிசியும் ஒன்றரைக் கிலோ சீனியும் போதும். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது. சரவாக்கின் மூக்கா பக்கத்தில் சாகோ மரத்து மாவில் செய்கிறார்கள். எதுவானாலும் கொதிக்கும் நீரில்தான் போட வேண்டும். மணியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும்போதே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். மீதி தானே வெந்துவிடும். நேரம் போகப் போகப் பாயசம் இறுகும் என்பதால், ஒரு கெட்டில் கொதிநீர் பக்கத்தில் இருக்கட்டும்.

பாயசத்தில் ஆபத்து தேங்காய்ப்பாலில்தான். சபாக் பெர்ணம் வரை கடலோரமெல்லாம் தென்னை இருப்பதால் நாம் தாராளமாக ஊற்றுகிறோம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பால் சேர்த்து மாலைவரை வைத்தால், பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சமைத்த உணவைச் சூடோ குளிரோ இல்லாமல் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஜவ்வரிசியைத் தனியே வேகவைத்துக்கொண்டு, பந்திக்குப் பந்தி வேண்டிய அளவு மட்டும் பால் கலந்து சூடாக்கிப் பரிமாறுங்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியரிடையே அது இன்னும் கூடுதல். ஆகவே ஒரு தட்டில் பப்பாளியும் கொய்யாவும் நறுக்கி வையுங்கள். தாத்தாவுக்கு இனிப்புக் கூடாது என்று சபையில் உரக்கச் சொல்லாமல், அந்தத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும்.

மீந்த பாயசத்தை அன்றிரவே கொட்டிவிடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் கொட்டுங்கள். மீந்த கேசரியை இலையில் மடித்து, பாத்திரம் கழுவ நின்ற பெண்களிடம் கொடுத்தனுப்புங்கள்.