புல்லிலே ஒரு பாலம்

பெரு நாட்டின் அந்தீஸ் மலையிலே, அபுரிமாக் ஆற்றின் மேலே ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான பாலமொன்று தொங்குகிறது. பெயர் கெஸ்வாச்சாக்கா. இச்சு என்ற மலைப்புல்லைத் திரித்த வடங்களே அதைத் தாங்குகின்றன.

ஆண்டுதோறும் யூன் மாதத்தில் கெச்சுவா மொழி பேசும் நான்கு ஊர்ச்சனமும் கூடி மூன்று நாளில் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெண்கள் சிறுகயிறு திரிக்க, ஆண்கள் வடமாக முறுக்குவார்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்தே பழகுகிறார்கள். நான்காம் நாள் சாப்பாடும் ஆட்டமும்தான். உல்லாசப் பயணிகளும் வருவார்கள். 2013 இல் யுனெஸ்கோ இக்கலையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

2020 இல் கோவிட் நோயால் கட்டவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த யூனிலேயே சனம் திரும்பக் கட்டிவிட்டது.

பக்கத்தில் இரும்புப் பாலம் உண்டு. போய்வர அது போதும். நான்கு ஊரும் ஒன்றுகூட இதுதான் வேண்டும்.