பந்தாட்டமும் பட்டாளமும்

உரிமை கேட்கும் மக்களுக்கு ஒரு கோப்பையைக் காட்டினால் வாயடைத்துப் போவர் என்று நினைத்தது ஒரு பட்டாள ஆட்சி. நினைத்தது நடந்ததா? கேளுங்கள் தோழர்களே!

தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு சிறு நாடு. 1930-ல் முதல் உலகக் கால்பந்துப் போட்டியை நடத்தியதும் அந்நாடே, வென்றதும் அந்நாடே. அங்கே 1973 ஜூன் 27-ல் பட்டாளத்தின் துணையோடு நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. தொழிலாளர் வாளாவிருந்தனரா? இல்லை! ஆலைகளுக்குள் அமர்ந்து 15 நாள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். அடக்குமுறை பாய்ந்தது. தொழிற்சங்க மையத்துக்குத் தடை, ஆயிரக்கணக்கானோருக்குச் சிறை.

ஆண்டுகள் ஏழு உருண்டன. பட்டாளத்தின் பிடியை நிலைநாட்டும் புதிய அரசியல் சட்டத்துக்கு மக்களின் ஒப்புதல் கேட்டனர் ஆளவந்தார். அதையடுத்து, முதல் உலகப் போட்டியின் பொன்விழா என்று ஒரு பந்தாட்டத் திருவிழா! வாக்கிலும் வெற்றி, ஆட்டத்திலும் வெற்றி என்பது அவர்கள் போட்ட கணக்கு.

1980 நவம்பர் 30. நூற்றுக்கு 57 பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தனர். முதல் கணக்கு பொய்த்தது!

ஒரு மாதத்தில் மாண்டிவிடியோ நகரில் பந்தாட்டம் தொடங்கிற்று. உலகக் கோப்பை வென்ற நாடுகளுக்கு அழைப்பு. இங்கிலாந்து வர மறுத்தது. அதன் இடத்தில் நெதர்லாந்து ஆடியது. இத்தாலி, மேற்கு ஜெர்மனி, அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே ஆகியவை மற்ற ஐந்து. 1981 ஜனவரி 10-ல் இறுதி ஆட்டம். பிரேசிலை 2-1 என வீழ்த்தியது உருகுவே.

கோப்பை கிடைத்தது. ஆட்சிக்கு வாழ்த்துக் கிடைத்ததா? பட்டாள ஆட்சி முடியப் போகிறது என்ற முழக்கமன்றோ பார்வையாளரிடமிருந்து எழுந்தது! தெருவில் வாய் திறக்க அஞ்சியவர்கள், பல்லாயிரவராய்க் கூடிய இடத்தில் அச்சத்தை உதறினர்.

1985 மார்ச்சு 1-ல் மக்களாட்சி மீண்டது. அரசியல் கைதிகள் விடுதலை பெற்றனர். அவர்களில் ஒருவரான ஹோசே முஹிகா 2010-ல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவராகவே ஆனார்!

தோழர்களே, பந்தின்மீது பழியில்லை, ஆடியவர்மீதும் பழியில்லை. தன் நாட்டு அணிக்குக் கை தட்டுபவன், தன்னை ஒடுக்கும் ஆட்சிக்கும் கை தட்டுவான் என்று எண்ணுவதே பேதைமை. உருகுவே மக்கள் வெற்றியை ஏற்றனர், விலங்கை ஏற்கவில்லை!