கூட்டத்தில் சொல்லாத காப்புரிமை

2007 ஜனவரி. அமெரிக்காவின் சான் டியாகோ நீதிமன்றத்தில் விசாரணை முடியும் தறுவாய். குவால்காம் நிறுவனத்தின் பெண் பொறியாளர் ஒருவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்கிறார். வீடியோவைச் சுருக்கும் எச்.264 தரநிலையை வகுத்த குழுவிலிருந்து மின்னஞ்சல்கள் வந்ததா என்று துருவ, வந்ததை அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படி 21 மின்னஞ்சல்கள். 2003 மே மாதம் தரநிலை வெளியாகும்வரை அந்தக் குழு இருந்த பக்கமே நாங்கள் போகவில்லை என்று அதுவரை நிறுவனம் சாதித்துக்கொண்டிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு குவால்காம் தேடியபோது வந்து விழுந்தவை, அதுவரை வெளிவராத 46,000 ஆவணங்கள், 3 லட்சம் பக்கங்களுக்கு மேல்.

தரநிலை வெளியான பிறகு, 2005இல், இரண்டு காப்புரிமைகளைக் காட்டி பிராட்காம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருந்தது குவால்காம். குழுவில் உட்கார்ந்திருந்தபோதே அவற்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எச்.264 கருவிகள் எதன் மீதும் அந்தக் காப்புரிமைகளை வைத்து உரிமை கொண்டாட முடியாது என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு, 85 லட்சம் டாலருக்கு மேல், குவால்காம் தலையில் விழுந்தது.

முன்கூட்டிச் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது? தரநிலை வரைவாக இருக்கும்வரை பொறியாளர்கள் வேறு வழியில் போகலாம். உரிமத் தொகையைப் பேசி முடிக்கலாம். சிப்புகள் சந்தைக்குப் போன பிறகு, உரிமையாளர் கேட்டதுதான் விலை.

ஆனால், வாய் திறக்காதவர் எப்போதும் மாட்டிக்கொள்வதில்லை. நினைவகச் சிப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் குழுவில், 1992இல், ராம்பஸ் நிறுவனப் பிரதிநிதியிடம் காப்புரிமை பற்றிக் கேட்டார்கள். அவர் எதுவும் சொல்ல மறுத்தார். 1996இல் குழுவைவிட்டு வெளியேறிய ராம்பஸ், 2000இல் தன் காப்புரிமைகளைக் காட்டி, சிப் நிறுவனமான இன்ஃபினியான் மீது வழக்குத் தொடுத்தது. குழுவில் ராம்பஸ் செய்தது மோசடி என்றது ஜூரி. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. யார், எதை, எப்போது சொல்ல வேண்டும் என்று ஜெடெக் விதியில் தெளிவே இல்லை என்பது அதன் வாதம். எழுதிவைக்காத கடமையை மீறியதாக ஒருவரை எப்படித் தண்டிப்பது? கசப்பாக இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

இன்று விதிகளில் இறுக்கம் கூடியிருக்கிறது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில், பங்கேற்பவர் தனக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்த, தன்னுடைய அல்லது தன் முதலாளியின் காப்புரிமையைச் சொல்லியாக வேண்டும். முதலாளி தடுத்தால், அந்தப் பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஐஎஸ்ஓ, ஐஇசி மூன்றுக்கும் ஒரே படிவம். காசில்லாமல் தருகிறேன், நியாயமான விலைக்குத் தருகிறேன், இரண்டுக்கும் தயாரில்லை: இதில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். மூன்றாவதை டிக் செய்தால், அந்தக் காப்புரிமை தேவைப்படும் பகுதி தரநிலையில் இடம்பெறாது.

இப்போது தலைவலி எதிர்ப்பக்கத்திலிருந்து. சொல்லாமல் விட்டு மாட்டுவதைவிட எல்லாவற்றையும் சொல்லிவைப்பதே பத்திரம் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. செல்பேசித் தரநிலைகளுக்காக ஐரோப்பிய அமைப்பான எட்சியிடம் காப்புரிமைகள் ஆயிரக்கணக்கில் அறிவிக்கப்பட்டுக் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் உண்மையிலேயே தரநிலைக்குத் தேவைதானா என்று எட்சி பார்ப்பதில்லை. செல்பேசி தயாரிப்பவர்தான் ஆள் வைத்து, தரநிலையை ஒரு பக்கமும் காப்புரிமையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்.